‘அவர்கள்’ திரும்பி வந்தபோது

1957 செப்டம்பர் 4 அன்று அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனோஸ் அயர்ஸில் வெளிவந்த ஒரு வார இதழில் புதிய சித்திரக்கதைத் தொடர் ஒன்று தொடங்கியது. பின்னிரவு நேரம். சித்திரக்கதை எழுத்தாளர் ஒருவர் தம் வீட்டு மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரிலிருந்த காலி நாற்காலி கிரீச்சிடுகிறது. காற்றிலிருந்து உருத்திரண்டாற்போல அதில் ஒரு மனிதன் தோன்றுகிறான். காலங்களினூடே அலைந்து களைத்த அவன், இன்னும் நிகழாத ஒரு பேரழிவைக் கண்டு திரும்பியவன். விடியும்வரை அவன் சொல்லும் கதையே ‘எல் எதெர்னாவ்தா’. நித்தியத்தில் பயணிப்பவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அந்தத் தொடர் வெளிவந்த நாளையே அர்ஜென்டினா இன்று தன் சித்திரக்கதை நாளாகக் கொண்டாடுகிறது.

மேசையில் அமர்ந்திருந்த அந்த எழுத்தாளர் கதையை எழுதியவரேதான். அவர் பெயர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட். தொடர் தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது, 1977 ஏப்ரல் 27 அன்று, லா பிளாத்தா நகரில் ராணுவ ஆட்சியின் ஆட்கள் அவரைக் கடத்திச் சென்றனர். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே ஆட்சியால் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போயினர்.

2025இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தக் கதையைத் தொடராக வெளியிட்டபோது உலகெங்கும் பலர் ஓஸ்டர்ஹெல்ட்டின் பெயரை முதன்முறையாகக் கேள்வியுற்றனர். அத்தொடரில் ரிகார்தோ தாரின் நாயகனாக நடித்தார். வந்த கட்டுரைகள் பலவும் ஓஸ்டர்ஹெல்ட்டை ஒரு தீர்க்கதரிசியாக வரைந்தன. தன் நாட்டுக்கு வரவிருந்த கொடுமையை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுசொன்னவர் என்றன. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையைச் சற்றுப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. அவர் அந்தப் படையெடுப்பை ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்தியவர் அல்லர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் எழுதினார். ஒவ்வொரு முறையும் வேற்றுக்கிரகவாசிகள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாறியது எழுதியவரே.

1919 ஜூலை 23 அன்று புவெனோஸ் அயர்ஸில் பிறந்தவர் ஓஸ்டர்ஹெல்ட். தந்தை ஜெர்மானிய வம்சாவளியினர். தாய் ஸ்பானிய வழியில் வந்தவர். பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது புவியியல் அல்ல, நிலவியல். பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் படிப்பு. சில காலம் அத்துறையில் வேலையும் பார்த்தார். ஆயினும் மெய்ப்புத் திருத்தும் பணியும் சிறுவர் நூல்களும் அவரை மெல்லப் பதிப்புலகின் பக்கம் இழுத்துவிட்டன. அவருடைய பிற்கால அறிவியல் புனைவுகளில் ஒரு துல்லியம் உண்டு. வாயு எப்படிப் பரவும், கதவிடுக்கை எதனால் அடைக்கலாம், முகமூடியின் வடிகட்டி எப்படி வேலைசெய்யும் என்பதையெல்லாம் அவர் கதைமாந்தர்கள் நின்று யோசிப்பார்கள். அது ஆய்வுக்கூடத்தில் பழகிய மனத்தின் வழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பதுகளில் அபிரில் என்ற பதிப்பகத்துக்காக அவர் எழுதிய சித்திரக்கதைகள் வெற்றிபெற்றன. 1952இல் ‘புல் ராக்கெட்’ வந்தது. அடுத்த ஆண்டு, இத்தாலியிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த இளம் ஓவியர் ஹ்யூகோ பிராட்டுடன் சேர்ந்து ‘சார்ஜன்ட் கிர்க்’ கதையைத் தொடங்கினார். செவ்விந்தியர்களைக் கொன்று குவிப்பதை வீரமாகக் காட்டிய அமெரிக்கக் குதிரைவீரர் கதைகளின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் நியாயத்தைத் தலைகீழாக்கினார். அவருடைய கிர்க், அந்தப் படுகொலைகளைக் காணச் சகியாமல் படையைவிட்டு ஓடிப்போனவன். எதிரி என்று சுட்டப்படுபவன் யார், அவனைச் சுட்டுபவன் யார் என்ற கேள்வி அப்போதே அவரைப் பற்றிக்கொண்டுவிட்டது.

1957இல் தம்பி ஹோர்ஹேயுடன் சேர்ந்து ஃப்ரோன்தேரா என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். ‘ஓரா செரோ’, ‘ஃப்ரோன்தேரா’ ஆகிய இதழ்கள் வெளிவந்தன. அவற்றின் பெரும்பகுதிக் கதைகளை ஓஸ்டர்ஹெல்ட்டே எழுதினார். போர்க்களச் செய்தியாளன் எர்னி பைக்கின் கதைகளும், வடஅமெரிக்கக் காடுகளில் நடக்கும் ‘திகொண்டெரோகா’வும் அங்கே பிறந்தவை. பிராட், அல்பெர்தோ பிரெச்சியா, பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ், அர்துரோ தெல் காஸ்தில்யோ என்று அக்காலத்தின் தலைசிறந்த கோட்டோவியர்கள் அந்த ஒரு கூரையின்கீழ் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் ‘எல் எதெர்னாவ்தா’ வந்தது. ஓவியம் சொலானோ லோபெஸ்.

கதையின் தொடக்கம் எளிமையானது. புவெனோஸ் அயர்ஸின் வடபுறத்தில் விசென்தே லோபெஸ் என்ற புறநகர். ஒரு வீட்டின் மாடியறையில் நான்கு நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரன் ஹுவான் சால்வோ. கீழே மனைவி எலேனாவும் சிறுமி மார்த்தித்தாவும். வெளியே மங்கலாக ஒளிரும் பனி விழத் தொடங்குகிறது. அதன் ஒரு துகள் மேலே பட்டாலும் மரணம். தெருவில் நடந்தவர்கள் நடந்த இடத்திலேயே விழுந்து கிடக்கிறார்கள். சன்னல்கள் மூடியிருந்ததால் மட்டுமே இந்த வீடு பிழைத்தது. தன் குடும்பத்தைத் தேடி வெளியே ஓடிய நண்பன் ஒருவன் சில அடிகளிலேயே மாண்டுபோகிறான். மற்றவர்கள் வீட்டிலிருந்த பொருள்களைக்கொண்டே உடலை முழுக்க மூடும் உடை ஒன்றைத் தைக்கிறார்கள். அந்த உடையில், முகமூடியோடு, பனியில் தனியே நடந்துபோகும் சால்வோவின் உருவம் இன்று அந்நாட்டின் சுவர்களில் எல்லாம் தீட்டப்பட்டிருக்கிறது.

பனி ஒரு முன்னோட்டம் மட்டுமே. அதன் பின்னால் ராட்சத வண்டுகள் வருகின்றன. வண்டுகளை இயக்குபவர்கள் ‘கைகள்’ என்று அழைக்கப்படும், எண்ணற்ற விரல்களைக்கொண்ட ஓர் இனத்தார். அந்தக் ‘கை’களும் அடிமைகளே. அவர்கள் உடலில் ஒரு சுரப்பி பதிக்கப்பட்டிருக்கிறது. அச்சம் எழுந்தால் அது நஞ்சைச் சுரக்கும். எதிர்க்க நினைத்தாலே அச்சம் வரும். அச்சம் வந்தால் சாவு. ஆகவே பணிகிறார்கள். சாகும் தறுவாயில் அவர்களில் ஒருவன், மனிதர்களின் வீட்டில் கிடந்த ஒரு சாதாரணக் காபிப் பாத்திரத்தைச் சிற்பமென வியந்து பார்க்கிறான். உலகச் சித்திரக்கதைகளில் எதிரிக்கு இத்தனை கண்ணியம் தந்த பக்கங்கள் அரிது. எல்லாரையும் ஆட்டிவைப்பவர்கள் ‘அவர்கள்’. பெயர் அவ்வளவே. கடைசிவரை அவர்களைப் படத்தில் காட்டவேயில்லை.

எதிர்த்து நிற்பவர்களும் படைவீரர்களோ மாவீரர்களோ அல்லர். இயற்பியல் பேராசிரியர் ஃபவால்யி, கடைசல் தொழிலாளி ஃபிராங்கோ, குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு வரலாற்றாளர். சண்டை நடக்கும் இடங்களோ வாசகர்கள் தினமும் டிராமில் கடக்கும் இடங்கள்: ஹெனரல் பாஸ் சாலை, ரிவர் பிளேட் கால்பந்து அரங்கம், பிளாசா இத்தாலியா, நாடாளுமன்றச் சதுக்கம். அதுவரை வேற்றுக்கிரகவாசிகள் நியூயார்க்கிலும் லண்டனிலும் மட்டுமே இறங்குவது வழக்கம். தம் தெருவிலும் இறங்கலாம் என்று ஒருவர் எழுதியபோது, அந்த வாசகர்களுக்கு அது அச்சத்தோடு ஒரு விசித்திரமான பெருமிதத்தையும் தந்திருக்க வேண்டும்.

சிறுவயது முதல் தம்மை ஈர்த்த ராபின்சன் குரூசோவின் கதையிலிருந்தே இது முளைத்தது என்று ஓஸ்டர்ஹெல்ட் பின்னாளில் நூல் பதிப்புக்கான முன்னுரையில் விளக்கினார். தீவைச் சூழ்ந்த கடலுக்குப் பதில் வீட்டைச் சூழ்ந்த சாவு. தனி மனிதனுக்குப் பதில் மனைவி, மகள், நண்பர்கள். இக்கதையின் உண்மையான நாயகன் ஒரு கூட்டம் என்றும், தனியாளாக நின்று வெல்லும் நாயகனில் தமக்கு நம்பிக்கையில்லை என்றும் அங்கே அவர் தெளிவுபடுத்தினார். இந்தக் கருத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

முதல் கதையின் முடிவு வாசகரை உறங்கவிடாதது. தப்பிக்கும் முயற்சியில் எதிரியின் கலத்தில் ஒரு பொறியைத் தவறாக இயக்கிவிடும் சால்வோ, மனைவியையும் மகளையும் இழந்து காலவெளியில் தூக்கி எறியப்படுகிறான். யுகங்கள் அலைந்து கடைசியில் எழுத்தாளரின் நாற்காலியில் வந்து விழுகிறான். கதையைச் சொல்லி முடித்ததும் அவனுக்கே உறைக்கிறது: இது 1959. படையெடுப்பு நிகழப்போவது இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான். அவன் வீடு அதே தெருவில் அப்படியே இருக்கிறது. ஓடிப்போய் மனைவியையும் மகளையும் கட்டிக்கொள்கிறான். அந்தக் கணமே அனைத்தையும் மறந்துவிடுகிறான். நினைவு எஞ்சியிருப்பது எழுத்தாளருக்கு மட்டுமே. இதைப் பிரசுரித்தால் ‘அவர்கள்’ திரும்பி வருவதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியோடு அவர் தனித்து நிற்க, கதை முடிகிறது.

இதை அரசியல் தீர்க்கதரிசனமாகப் படிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்நகர மக்கள் வானிலிருந்து சாவு விழுந்ததை ஏற்கெனவே கண்டவர்கள். 1955 ஜூனில், ஜனாதிபதி பெரோனைக் கவிழ்க்க முயன்ற ராணுவ விமானங்கள் நகரின் மையமான மே சதுக்கத்தின்மீது குண்டு பொழிந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் பெரோன் கவிழ்ந்தார். கதை வெளிவரத் தொடங்கியபோது நாட்டை ஆண்டதும் ராணுவமே. அன்று ஓஸ்டர்ஹெல்ட் பெரோனின் ஆதரவாளர் அல்லர். கட்சி அரசியலில் பெரிதாக நாட்டம் காட்டியவரும் அல்லர். மனைவி எல்சாவோடும் நான்கு பெண் குழந்தைகளோடும் பெக்கார் என்ற புறநகரில் தோட்டம் சூழ்ந்த வீட்டில் வாழ்ந்த, கதைகளை வேகமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்த குடும்பஸ்தர். எஸ்தெலா, தியானா, பெயாத்ரிஸ், மரினா. கடைக்குட்டி மரினா பிறந்ததும் அந்த 1957இல்தான்.

அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஃப்ரோன்தேரா நொடித்துப்போனது. அவர் கதை எழுதுவதில் வல்லவர்; கணக்கு வழக்கில் அல்ல. ஓவியர்கள் ஒவ்வொருவராக ஐரோப்பியப் பதிப்பகங்களின் நல்ல ஊதியத்தை நாடிச் சென்றார்கள். சொலானோ லோபெஸ் லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துக்கு வரைந்தார். அந்த நிறுவனத்தின் கதையொன்றுதான் 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாக ‘இரும்புக்கை மாயாவி’ என்று நம்மை வந்தடைந்தது என்பது இங்கே ஓர் இடைக்குறிப்பு. புவெனோஸ் அயர்ஸில் தங்கிவிட்ட ஓஸ்டர்ஹெல்ட், பிரெச்சியாவுடன் சேர்ந்து 1962 முதல் 1964 வரை ‘மோர்ட் சிண்டர்’ எழுதினார். இறந்து இறந்து மீண்டும் எழும் ஒரு மனிதனின் கதை அது. கலை நோக்கில் அவருடைய உச்சம் அதுவே என்று கருதுபவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் சாய எனக்கும் விருப்பமே.

சே குவேரா கொல்லப்பட்ட அடுத்த ஆண்டு, 1968இல், அவருடைய வாழ்க்கையை ஓஸ்டர்ஹெல்ட் சித்திரக்கதையாக எழுதினார். பிரெச்சியாவும் அவர் மகன் என்ரிக்கேவும் வரைந்தார்கள். நாட்டில் மீண்டும் ராணுவ ஆட்சி. நூல் ஒடுக்கப்பட்டது; மூல ஓவியங்கள் அழிந்தன. பிற்காலப் பதிப்புகள் எஞ்சியிருந்த அச்சுப் பிரதிகளிலிருந்தே உருவாக்கப்பட்டன.

அதற்குப் பின்னரே, 1969இல், ‘அவர்கள்’ முதன்முறையாகத் திரும்பி வந்தார்கள். ‘ஹெந்தே’ என்ற வெகுசன வார இதழ் பழைய வெற்றிக் கதையைப் புதிதாக எழுதித் தரும்படி கேட்டது. எழுதினார். அதே பனி, அதே வீடு, அதே சீட்டாட்டம். ஆனால் இம்முறை வல்லரசுகள் படையெடுப்பாளர்களோடு உடன்படிக்கை செய்துகொள்கின்றன. தங்களைக் காத்துக்கொள்ளத் தென் அமெரிக்காவை முழுதாகக் கையளித்துவிடுகின்றன. பிரெச்சியாவின் ஓவியங்களோ இருளும் சிதைவுமாக, பார்த்துப் பழகாத கண்களை அச்சுறுத்தின. நடிகைகளின் புகைப்படங்களுக்கு நடுவே இதைக் கண்ட வாசகர்கள் முகம்சுளித்தார்கள். இதழ் தன் வாசகர்களிடம் மன்னிப்புக் கோரித் தொடரை அவசரமாக முடித்துக்கொண்டது. கதையின் பிற்பகுதி சுருக்கக் குறிப்புகளாகக் குறுகிப்போனது.

அவர் விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ‘அந்தார்த்தேகளின் போர்’ என்ற இன்னொரு வேற்றுக்கிரகப் படையெடுப்பை எழுதினார். அதை 1974இல் புதிய ஓவியங்களுடன் ‘நொத்திசியாஸ்’ நாளிதழில் மறுபடி தொடங்கினார். அங்கும் வல்லரசுகள் தென் அமெரிக்காவை விலைபேசி விற்கின்றன. அந்த நாளிதழ் பெரோனிய இடதுசாரி ஆயுதக் குழுவான மோன்தொனேரோக்களின் குரல். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அதை மூடியது. கதை பாதியில் நின்றது.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தோட்டத்து வீட்டைவிட்டு ஓர் ஆயுதக் குழுவுக்குள் எப்படிப் போனார்? மகள்கள் நால்வரும் மாணவப் பருவத்திலேயே அவ்வியக்கத்தில் சேர்ந்தார்கள். அவரும் சேர்ந்து அதன் பத்திரிகைப் பிரிவில் பணிபுரிந்தார். தந்தை மகள்களை இழுத்தாரா, மகள்கள் தந்தையை இழுத்தார்களா என்பது இன்றும் பேசப்படுகிறது. எல்சா அந்தப் பாதையை ஏற்கவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அஞ்சினார், கணவரோடு வாதாடினார், கடைசியில் வீட்டில் தனித்துவிடப்பட்டார். ஓஸ்டர்ஹெல்ட்டைப் புகழும் கட்டுரைகள் இந்தப் பெண்மணியின் கோபத்தை நாசூக்காகத் தாண்டிப் போவதுண்டு. தாண்டிப் போகலாகாது. அந்த வீட்டில் பின்னால் நடக்கவிருந்ததை முன்கூட்டிச் சரியாகக் கணித்தவர் அவரே.

1976 மார்ச் 24 அன்று தளபதி விதேலாவின் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆட்களைக் கடத்தி, மறைமுகச் சிறைகளில் வதைத்து, உடலும் கிடைக்காமல் அழிப்பது அரசின் வழிமுறையாயிற்று. பின்னாளில் அமைந்த விசாரணை ஆணையம் பெயர் விவரத்தோடு பதிவுசெய்தவர்கள் 8,961 பேர். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

ஓஸ்டர்ஹெல்ட் தலைமறைவானார். அந்த நிலையில்தான் ‘எல் எதெர்னாவ்தா’வின் இரண்டாம் பாகத்தை எழுதினார். 1976 டிசம்பரில் ‘ஸ்கோர்பியோ’ இதழில் அது தொடங்கியது. ஓவியம் மீண்டும் சொலானோ லோபெஸ். எழுத்துப்படிகள் ஒளிவிடங்களிலிருந்து வந்து சேர்ந்தன. இம்முறை எழுத்தாளர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஹெர்மான் என்ற தம் சொந்தப் பெயரிலேயே கதைக்குள் நுழைந்து, சால்வோவோடு பாழடைந்த எதிர்கால உலகுக்குப் போகிறார். குகைகளில் வாழும் எஞ்சிய மனிதர்கள் அங்கே ‘அவர்களின்’ கோட்டையை எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தச் சால்வோ நாம் அறிந்தவன் அல்லன். மாடியறையில் சீட்டாடிய, மனைவியின் கையைப் பற்றிக்கொண்டிருந்த அந்தச் சாதாரண மனிதன் போய்விட்டான். இவனுக்கு அசாதாரண ஆற்றல்கள் இருக்கின்றன. இவன் ஆணையிடுகிறான். வெற்றிக்காக ஆட்களைத் தெரிந்தே சாவுக்கு அனுப்புகிறான். தன் மனைவியையும் மகளையும்கூடக் காக்காமல் பலிகொடுக்கிறான். கதைசொல்லியான ஹெர்மான் அவனைப் பார்த்து நடுங்குகிறார்; இருந்தும் பின்தொடர்கிறார். கதையின் அரசியல் தொனி சொலானோ லோபெஸுக்கு உவப்பாக இல்லை. கூட்டத்தை நாயகனாக்கியதாகச் சொன்னவரே ஏறத்தாழ அதே காலத்தில் இப்படியொரு தலைவனைப் படைத்தது எப்படி?

இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகாது என்பது பொதுவான மதிப்பீடு. எனக்கும் அதில் மறுப்பில்லை. அது ஓர் இயக்கத்தின் கட்டளைமொழியில் எழுதப்பட்டது. தலைமையின் கணக்குகளுக்காக இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தக் கணக்குகளை நியாயப்படுத்தும் கதையாக அதைப் படிக்க முடியும். வேறு விதமாகவும் படிக்கலாம். சால்வோவைக் கண்டு நடுங்கும் ஹெர்மானின் முகம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் வருகிறது. கட்டளையை நம்ப முயலும் ஒருவரும், அதன் விலையைக் கண்டு திகைக்கும் ஒருவரும் ஒரே கையால் எழுதியிருக்கிறார்கள். எந்த மேசையில் அமர்ந்து அதை எழுதினார் என்பதை எண்ணும்போது வாசிப்பு கடினமாகிவிடுகிறது. ஏனெனில் அந்நேரம் அவருடைய சொந்த மகள்கள் சாகத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் பெயாத்ரிஸ். வயது 19 அல்லது 20. 1976 ஜூனில் தாயை ஒரு சிற்றுண்டிச் சாலையில் சந்தித்துப் பேசினாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசையைப் பகிர்ந்துகொண்டாள். அதற்குப் பின் திரும்பவில்லை. எல்சாவிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரே உடல் அவளுடையது. அதன் பிறகு சில வாரங்களில் வடக்கே துக்குமான் மாகாணத்தில் தியானா பிடிபட்டாள். அவள் கருவுற்றிருந்தாள், ஒரு வயது மகன் ஃபெர்னாந்தோ பின்னர் தந்தைவழிப் பாட்டன் பாட்டியிடம் சேர்ந்தான். அடுத்த ஏப்ரலில் தந்தையே பிடிபட்டார். அவருக்கு அப்போது 57 வயது. 1977 நவம்பரில் மரினா. எட்டு மாதக் கர்ப்பிணி. டிசம்பரில் மூத்தவள் எஸ்தெலாவும் அவள் கணவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஓஸ்டர்ஹெல்ட் காம்போ தே மாயோ ராணுவ முகாமிலும், வெசூபியோ என்ற வதைமுகாமிலும் வைக்கப்பட்டிருந்ததை உயிர்தப்பியோர் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். விடுதலைப் போர்த் தளபதி சான் மார்த்தினைப் பற்றி ஒரு சித்திரக்கதை எழுதும் வேலை சிறையில் அவரிடம் தரப்பட்டிருந்தது என்று அவர்களில் ஒருவர் நினைவுகூர்ந்தார். அவர் எழுதியதை அழித்தவர்களுக்கே அவருடைய எழுத்து தேவைப்பட்டிருக்கிறது. எஸ்தெலா கொல்லப்பட்டபின் அவளுடைய சிறு மகன் மார்த்தின், தாத்தா இருந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்டான். சிறிது நேரம் அவரோடு இருந்தான். பிறகு எல்சாவிடம் ஒப்படைக்கப்பட்டான். மூத்த மகளும் போய்விட்டாள் என்பதை அந்தக் குழந்தையின் வருகையே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே டிசம்பரின் கிறிஸ்துமஸ் முன்னிரவு பற்றிய சாட்சியம் விசாரணை ஆணையத்தின் 1984ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. அன்று காவலர்கள் கைதிகளின் முகமூடியைக் கழற்றி, ஒரு சிகரெட்டும் தந்து, ஐந்து நிமிடம் ஒருவரோடொருவர் பேச அனுமதித்தார்கள். உடல் மிகவும் நலிந்திருந்த ஓஸ்டர்ஹெல்ட், அங்கிருந்தோரில் மூத்தவர் என்ற முறையில் எல்லாரிடமும் ஒவ்வொருவராகச் சென்று கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல விரும்பினார். சொன்னார். முதல் கதையை எழுதிய மனிதர் அந்த ஐந்து நிமிடத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன். 1978இல் அவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரல் வரை இரண்டாம் பாகம் இதழில் வாரா வாரம் என்றில்லாவிடினும் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் காணாமற்போனபின்னும் அவர் பெயர்கொண்ட பாத்திரம் கதைக்குள் நடந்துகொண்டிருந்தது.

ஜனநாயகம் திரும்பிய பிறகு ‘எல் எதெர்னாவ்தா’ பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சுவர்களுக்கும் வந்தது. முன்னாள் ஜனாதிபதி நெஸ்தோர் கிர்ச்னரின் முகத்தை அந்த முகமூடி உடைக்குள் பொருத்திக் கட்சிச் சின்னமாக்கியதும் நடந்தது. தனியாள் நாயகனில் நம்பிக்கையற்ற ஒருவரின் கதைக்கு அது பொருந்தாத மரியாதை.

எல்சா, காணாமற்போன பேரக்குழந்தைகளைத் தேடும் மே சதுக்கப் பாட்டிமார்கள் அமைப்பில் இணைந்தார். கணவர், நான்கு மகள்கள், மருமகன்கள் எனக் குடும்பமே அழிந்தபின் எஞ்சிய இரு பேரன்களோடு வாழ்ந்து, 2015 ஜூனில், 90 வயதில் மறைந்தார். தாத்தாவை வதைமுகாமில் கண்ட மார்த்தின், 2025ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் ஆக்க ஆலோசகர்களில் ஒருவராகப் பணியாற்றினார்.

அந்த ஆட்சியில் கைதிகளுக்குப் பிறந்த குழந்தைகள் பலர் ராணுவத்தாரின், அவர்களுக்கு வேண்டியவர்களின் வீடுகளில் வேறு பெயரோடு வளர்க்கப்பட்டனர். மரபணுப் பரிசோதனையின் துணையோடு பாட்டிமார்கள் 2025 வரை 140 பேரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். தியானாவின் வயிற்றிலிருந்த குழந்தையும், மரினாவின் வயிற்றிலிருந்த குழந்தையும் அந்த 140இல் இல்லை. பிறந்திருந்தால் இருவருக்கும் இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. தொடர் வெளியான நாள்களில் மனித உரிமை அமைப்புகள் அவ்விருவரைத் தேடும் வேண்டுகோளைப் புவெனோஸ் அயர்ஸில் மீண்டும் வெளியிட்டன.